கோட்டுக்கு முந்திய போஸ்டர்

போன வாரம் ஒரு பெண் என் ஆபீசுக்கு வந்தாள். பி.எல். முடித்த கையோடு பார் கவுன்சில் விண்ணப்பத்தையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். 'இவரை எனக்குத் தெரியும், நன்னடத்தை உள்ளவர்' என்று இரண்டு வக்கீல்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

"நான் எந்த வம்புதும்புக்கும் போனதில்ல மேடம். லைட் இல்லாம சைக்கிள் ஓட்டுன கேஸ் கூட என் மேல கிடையாது."

"அதெல்லாம் சரிம்மா. உனக்குத் தாய்மாமா இருக்காரா?"

அவள் முழித்தாள். "ரெண்டு பேரு இருக்காங்க மேடம். ஏன்?"

"உன் மேல ரொம்பப் பிரியமோ?"

"உசிரையே விடுவாங்க மேடம்."

"அப்ப கொஞ்சம் ஜாக்கிரதையா இரு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று நினைத்துக்கொண்டே படி இறங்கியிருப்பாள். அவளுக்கு விளக்கம் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

வக்கீலாவதற்கு என்ன வேண்டும்? படிப்பு என்பீர்கள். அது சும்மா ஆரம்பம்தான். ஒரு டிகிரி, அதற்கு மேல் மூன்று வருஷம் பி.எல்., இருபத்தோரு வயது ஆகிவிட்டது என்று நிரூபிக்க எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், காலேஜில் ஒழுங்காக இருந்தாள் என்று ஒரு தாள், அந்த இரண்டு கையெழுத்து... என் சீனியர் காலத்தில் இன்னும் மோசம். ஒரு வருஷம் யாரிடமாவது அப்ரன்டிஸாகக் கேஸ் கட்டு சுமக்க வேண்டும். அப்புறம் பார் கவுன்சிலே தனியாக ஒரு பரீட்சை வைக்கும். நான் படித்து முடித்தது எழுபதுகளின் கடைசியில். அதற்குள் அந்தப் பரீட்சையை எடுத்துவிட்டார்கள். அப்பாடா என்றோம். என் விஷயத்தில் அந்த அப்பாடா கொஞ்சம் அவசரம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. விண்ணப்பிப்பவர் எந்த வேலையிலும், எந்த வியாபாரத்திலும் இருக்கக் கூடாது. நான் ரிசல்ட் வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டெம்பரரி டீச்சராக இருந்தேன். பிள்ளைகளுக்கு என்னைப் பிடித்துப்போனது. 'பர்மனென்ட் ஆக்குகிறோம், இருந்துவிடு' என்றார்கள். என் அப்பாவுக்கும் அதுதான் ஆசை. நான் ராஜினாமா எழுதிக் கொடுத்து, விடுவித்த உத்தரவை வாங்கி, விண்ணப்பத்தோடு வைத்துத் தைத்து அனுப்பினேன்.

ஒரு வாரத்தில் என் இடத்துக்கு வேறு டீச்சர் வந்துவிட்டார். இனி கறுப்பு கோட்டு ஒன்றுதான் கதி.

சென்னையிலிருந்து கடிதம் வந்தது. இன்ன தேதியில் வக்கீலாகப் பதிவு செய்துகொள்ள நேரில் வரவும். சோழவந்தானில் எங்கள் வீட்டில் அன்று பாயசம். பாயசத்தை நான்கு டம்ளர் குடித்தவர் மாயாண்டி மாமா — அம்மாவின் தம்பி, எனக்கு ஒரே தாய்மாமன்.

மாமாவுக்கு வெற்றிலை மண்டி. கொடிக்காலில் கிள்ளி வரும் வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டி மதுரைக்கு அனுப்புவார். பிள்ளை குட்டி கிடையாது. எனக்குக் காது குத்தியது அவர் மடியில். பெரிய மனுஷியானபோது குடிசை கட்டிச் சீர் செய்ததும் அவர்தான். இப்போது வக்கீலாகிறேன்... மாமன் சும்மா இருப்பாரா?

"வக்கீல் கவுன் என் சீரு ஆத்தா. வேற எவனும் வாங்கக் கூடாது" என்றார். மதுரைக்குப் போய்த் தையற்காரரிடம் அளவு கொடுத்து, தைத்து வாங்கியும் வந்துவிட்டார். நானும் சந்தோஷமாக வாங்கி வைத்துக்கொண்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன் பாருங்கள்!

பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, என் சீனியர் காதர் சாரைப் பார்க்கக் கோரிப்பாளையம் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கினால், எதிர்ச் சுவரில் என் பெயர்.

மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் — எங்கள் ஊரில் காதுகுத்துக்குப் போஸ்டர், கல்யாணத்துக்குப் போஸ்டர், செத்தால் போஸ்டர், செத்தவருக்குப் பதினாறாம் நாளும் போஸ்டர். சுவர் இருப்பதே அதற்குத்தான். ஆனால் என் பெயரை ஆள் உயரத் தாளில், சிவப்பு எழுத்தில் நான் பார்த்தது அன்றுதான்.

'வாழ்த்துகிறோம்! வாழ்த்துகிறோம்! சோழவந்தான் பெற்றெடுத்த சட்டச் சிங்கம், எங்கள் மருமகள், வக்கீல் செல்வராணி பி.ஏ., பி.எல்., அவர்கள் கோர்ட்டில் அடியெடுத்து வைக்கிறார்! சிவிலானாலும் கிரிமினலானாலும் கவலை வேண்டாம், வாருங்கள்! இவண்: தாய்மாமன் மாயாண்டி, வெற்றிலை மண்டி.'

என் போட்டோ கிடைக்கவில்லை போலிருக்கிறது. அச்சாபீசில் இருந்த சிங்கப்பட அச்சு பிளாக்கைப் போட்டிருந்தார்கள். வாயைத் திறந்த ஆண் சிங்கம். பிடரி வேறு.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெருமையில் அல்ல. வக்கீல் தொழிலில் விளம்பரம் செய்யக் கூடாது, கட்சிக்காரர்களைக் கூவி அழைக்கக் கூடாது. போர்டில் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதலாம் என்பதற்கே கட்டுப்பாடு உண்டு. நானோ இன்னும் வக்கீலே ஆகவில்லை. ஆகாதவள் வக்கீல் என்று போட்டுக்கொண்டு, சிங்கத்தையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கேஸ் பிடிக்கிறாள்!

காதர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "யா அல்லா... எத்தனை ஒட்டியிருக்காரு?"

அச்சாபீசுக்கு ஓடினேன். நூறு. பில்லின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மண்டியில் மாமாவைப் பிடித்தேன்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"பின்ன? சீருன்னா ஊரு பாக்க வேணாமா? கறுப்புத் துணியத் தாம்பாளத்துல வச்சு மேளதாளத்தோட தூக்கிட்டுப் போனா, எந்த எழவு வீட்டுக்குன்னு கேக்க மாட்டானுக? அதான் ஆத்தா போஸ்டர் அடிச்சேன்."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் சட்டத்தைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. வேட்டியை மடித்துக் கட்டினார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு கொத்தனார் கரண்டி. அடுத்த பஸ்ஸில் மதுரைக்குத் திரும்பி, அன்று இருட்டும்வரை நானும் மாமாவும் கோரிப்பாளையத்திலிருந்து ரயிலடி வரை சுவர் சுவராகச் சுரண்டினோம். மறுநாளும் சுரண்டினோம். மைதா பசை இருக்கிறதே, அது லேசில் விடாது. சுண்ணாம்போடு சேர்ந்துதான் வரும். வழியில் போகிறவர்கள், 'என்னண்ணே, எவன் பேர இப்படிச் சொரண்டுறீங்க?' என்று கேட்டார்கள். மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனார்.

சுரண்டுவதற்கு முன்பே ஒரு புண்ணியவான் ஒன்றை உரித்து, மடித்து, மொட்டைக் கடுதாசியோடு சென்னைக்கு அனுப்பியிருக்கிறான். யார் என்று இன்று வரை தெரியாது. எங்கள் ஊரில் மொட்டைக் கடுதாசி போடக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு தபால் கவர் கையில் இருந்தால் போதும்.

நான்காம் நாள் பார் கவுன்சிலிலிருந்து கடிதம். 'தங்கள் மீது புகார் வந்துள்ளது. பதிவு நாளன்று காலை கமிட்டி முன் ஆஜராகி விளக்கம் தரவும்.'

காதர் சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "அவங்களுக்குத் திருப்தியில்லைன்னா ஃபைலை டெல்லியில இருக்குற அகில இந்திய பார் கவுன்சிலுக்கு அனுப்பிடுவாங்கம்மா. டெல்லியிலிருந்து அது எப்ப திரும்பி வரும்னு எந்த ஜோசியனும் சொல்ல முடியாது."

வேலை போயாயிற்று. கோட்டும் போய்விடுமா?

"ஒரு வழி இருக்கு" என்றார் சார். "அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது, எனக்கு வேண்டாதவங்க யாரோ இப்படி ஒரு பேரைப் போட்டு ஒட்டிட்டாங்கன்னு எழுதிக் குடுத்தா, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். போஸ்டர்ல அவரு கையெழுத்தா இருக்கு? எழுதுன்னும் நான் சொல்ல மாட்டேன், எழுதாதேன்னும் சொல்ல மாட்டேன். உன் நன்னடத்தைக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அதை மட்டும் மறந்துடாதே."

இதைக் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார் மாமா. வெளியே வந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"வக்கீலய்யா சொல்றது சரிதான் ஆத்தா. எழுதிக் குடுத்துரு. எனக்கு மாமனே கிடையாதுன்னு எழுது. காயிதத்துலதான? நான் வருத்தப்பட மாட்டேன். நெசமாத்தான் சொல்றேன்."

வருத்தப்பட மாட்டாராம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. அவர் மேலா, மொட்டைக் கடுதாசிக்காரன் மேலா, ஒரு நிமிஷம் 'எழுதிவிடலாமா' என்று நினைத்த என் மேலா என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆம், நினைத்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும்? மூன்று வருஷப் படிப்பு சார்!

பதிவு நாளன்று காலை சென்னை எழும்பூரில் இறங்கும்போது மாமா கையில் ஒரு சாக்கு மூட்டை. கொத்தவால்சாவடி மார்க்கெட்டில் யாருக்கோ வெற்றிலை கொண்டுவந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வெள்ளைப் புடவை, கறுப்பு கோட்டு, கழுத்தில் வெள்ளைப் பட்டை, கையில் மடித்த கவுன். பார் கவுன்சில் வராந்தாவில் என்னைப் போலவே முப்பது நாற்பது பேர், கல்யாண வீட்டுக் களையோடு குடும்பம் குடும்பமாக நின்றார்கள். என்னை மட்டும் தனியாக உள்ளே கூப்பிட்டார்கள்.

பெரிய மேஜை. பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். மேஜை மேல் விரித்திருந்த சிங்கம் என்னைப் பார்த்தே வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"இது உங்களைப் பற்றியதுதானா?"

"ஆமாம் சார்."

"இந்த மாயாண்டி என்பவர் யார்?"

அந்த இடத்தில்தான் எனக்குப் பரீட்சை. பார் கவுன்சில் எல்லோருக்கும் ரத்து செய்துவிட்டு எனக்கு மட்டும் வைத்த பரீட்சை. ஒரே கேள்வி. இரண்டே பதில். ஒன்றைச் சொன்னால் கோட்டு கிடைத்துவிடும்...

"என் தாய்மாமா சார். வெளியில நிக்கிறார்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியாம ஒட்டினார். தப்புன்னு அவருக்கும் தெரியாது. தெரிஞ்ச அன்னிக்கே ரெண்டு பேரும் சேர்ந்து கிழிச்சோம். நூறு அடிச்சதுக்கு அச்சாபீஸ் பில் இது."

வலது பக்கம் இருந்தவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நூறு அச்சடித்ததற்கு ஆதாரம் கொடுத்துவிட்டீர்கள். கிழித்ததற்கு?"

கிழித்ததற்கு யாராவது ரசீது வாங்குவார்களா?

"இருக்குங்கய்யா!"

கதவில் மாமா. பியூன் கையைப் பிடித்து இழுக்க, அவர் சாக்கை இழுக்க, இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே வந்துவிட்டார்கள். மாமா மூட்டையைத் தரையில் கவிழ்த்தார். வெற்றிலை இல்லை. வாழைநாரால் கட்டுக்கட்டாகக் கட்டிய போஸ்டர் துண்டுகள். சுண்ணாம்போடு, காய்ந்த பசையோடு.

"புள்ள பேரு போட்ட தாளுங்கய்யா. குப்பையில போட மனசு வரல. சாக்குல போட்டு வச்சிருந்தேன். எண்ணிப் பாத்துக்கங்க. ஒரு தாளுக்கு ஒரு சிங்கத் தல. தொண்ணூத்தேழு தல இருக்கு."

"மேஜையில் ஒன்று. தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு?"

மாமா தலையைச் சொறிந்தார். "ரெண்டு சிங்கத்த மாடு தின்னுருச்சுங்கய்யா."

ஓரத்தில் இருந்தவர் சட்டென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் இருந்த பெரியவர் சிரிக்கவில்லை. "எல்லாக் கட்டையும் எண்ணுங்கள்" என்று பியூனிடம் சொன்னார். எண்ணினார்கள். இருபத்துநான்கு கட்டு, கட்டுக்கு நான்கு தலை, உதிரியாக ஒன்று. பிசகாமல் இருந்தது. வெற்றிலை எண்ணிப் பழகிய கை, தப்புமா?

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "ஒன்று கேட்கிறேன். இவரைத் தெரியாது என்று நீங்கள் சொல்லியிருந்தால், எங்களிடம் அதை மறுக்க ஒரு துண்டு ஆதாரமும் இல்லை. அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

சட்டம் படித்தவள்தானே, ஒரு பெரிய வாசகம் வந்திருக்கக் கூடாதா? வரவில்லை. வந்தது இதுதான். "இவரைத் தெரியாதுன்னா, எனக்குக் காது குத்தினப்ப நான் யார் மடியில இருந்தேன்னு அடுத்து ஒரு பொய் சொல்லணும் சார். அப்புறம் அதுக்கு ஒண்ணு. எங்க வீட்டுல ஒரு விசேஷம் கூட மிஞ்சாது."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரியவர் ஒரு வெள்ளைத் தாளை மேஜையில் தள்ளினார்.

"மாயாண்டி, இங்கே வாருங்கள். இனி இந்தப் பெண்ணின் தொழில் சம்பந்தமாகப் போஸ்டரோ நோட்டீஸோ அடிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்."

நான் சொல்லச் சொல்ல மாமா எழுத்துக் கூட்டி எழுதினார். 'மாயாண்டி' என்று முடித்து, கீழே இரண்டு கோடும் இழுத்தார். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் நின்றார்.

"அய்யா... ஒரு சந்தேகம். வக்கீலுக்குத்தான ஒட்டக் கூடாது? நாளப்பின்ன இவ ஜட்ஜானா ஒட்டலாமில்ல?"

இந்த முறை பெரியவராலும் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், போஸ்டரை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். "போம்மா, போய் வரிசையில நில்லு. நேரமாச்சு."

அவ்வளவுதான். டெல்லி இல்லை, மேல்விசாரணை இல்லை. வராந்தாவுக்கு நடந்து வந்தேனா, ஓடி வந்தேனா என்பது ஞாபகமில்லை. அன்றைக்கு நான் இருந்த இருப்புக்கு, வைகையில் வெள்ளம் வந்திருந்தாலும் ஒரே தாண்டாகத் தாண்டியிருப்பேன்!

இத்தனை வருஷ பிராக்டீஸில் எத்தனையோ குறுக்கு விசாரணை செய்துவிட்டேன். வேண்டாதவன் சொன்ன பொய்யை உடைப்பது பெரிய வித்தையில்லை. நம்மேல் உயிரை வைத்திருப்பவர்கள் ஆசையில் ஒரு தப்பு செய்துவிடுவார்கள் பாருங்கள்... தப்பையும் ஒப்புக்கொண்டு, அவர்களையும் கைவிடாமல் வெளியே வருவதற்குத்தான் திராணி வேண்டும். விண்ணப்பத்தில் அதற்கென்று தனிக் கட்டம் கிடையாது. ஆனால் 'நன்னடத்தை' என்று எங்கே பார்த்தாலும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.

வரிசையில் நின்று உறுதிமொழி படித்தோம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். பெரிய ஹால், உயரமான கூரை. பேனா ஓடும் சத்தம் கேட்கிற அளவுக்கு அமைதி. என் முறை வந்தது. மாமா வாங்கித் தந்த கவுன் தோளில் இருந்தது. முழுப் பெயரையும் எழுதினேன்.

"செல்வராணி, அட்வகேட்" என்று வாசித்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு விசில். இரண்டு விரலை மடித்து நாக்குக்கு அடியில் வைத்து அடிக்கும் அசல் மதுரை விசில். கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. ஹால் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேடையில் இருந்த பெரியவர் மட்டும் திரும்பவில்லை. யார் என்று அவருக்குத் தெரியும்.

போஸ்டர் அடிக்க மாட்டேன் என்றுதானே எழுதி வாங்கினார்கள்? விசில் அடிக்க மாட்டேன் என்று வாங்கவில்லையே!